வெற்றிலை வாங்கிய மாஸ்டர்

யாராவது எதையாவது நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வது என் பழக்கம். செங்கலோ சிமெண்ட் மூட்டையோ, நீட்டும்போது இது எனக்கா, பக்கத்தில் நிற்பவனுக்கா என்று கேட்டுக்கொண்டு நின்றால் கூலி வேலை ஓடாது. அன்று காலையிலும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கியது வெற்றிலைத் தட்டு. அதுதான் கோளாறு.

வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குள் ஒரு குலசாமி கோயில். வெள்ளைத்துரை என்ற விவசாயி, தம்பி பிள்ளைகளுக்குக் காது குத்திக் கிடா வெட்டி விருந்து வைக்கிறார். சமையல் எங்கள் செட். மாஸ்டர் பெயர் ஜெயபாண்டி. நான் மலைச்சாமி. பாத்திரம் ஏற்றுவது, இறக்குவது, அடுப்புக்கு விறகு தள்ளுவது, எல்லாம் முடிந்தபின் அண்டா தேய்ப்பது என் வேலை.

முன்பு சிம்மக்கல்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தோள்பட்டை இறங்கிப் போனபிறகு அங்கே எந்தக் கடைக்காரரும் என்னைக் கூப்பிடவில்லை. ஜெயபாண்டிதான், அண்டா தேய்க்கத் தோள் எதற்கு, முழங்கை போதும் என்று சேர்த்துக்கொண்டார். அவர் இறக்கிவிட்டால் இந்த வயதில் என்னை ஏற்றிக்கொள்ள வேறு வண்டி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான்.

பாத்திரங்களோடு குட்டியானை வண்டியில் நானும், காய் நறுக்க வருகிற செல்லக்கிளியும் முன்னால் வந்துவிட்டோம். மாஸ்டர் மசாலா சாமான் வாங்கிக்கொண்டு பைக்கில் வருவதாக ஏற்பாடு. நல்ல நேரம் முடியப் போகிறது என்று கோயில் பூசாரி கத்திக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை தட்டோடு ஓடிவந்தார். வண்டியின் முன்சீட்டிலிருந்து இறங்கியவன் நான். எனக்கு இருந்த தகுதி அவ்வளவுதான். "இந்தாங்க மாஸ்டர், நல்லபடியா பண்ணிக் குடுங்க" என்று நீட்டினார். கை தானாக நீண்டுவிட்டது.

பின்னால் செல்லக்கிளி, "போச்சு" என்றாள்.

எங்கள் தொழிலில் அடுப்பு மூட்டுவதற்கு முன் விருந்து வைக்கிற வீட்டார் மாஸ்டருக்கு வெற்றிலை பாக்கு, தேங்காய், எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுப்பார்கள். வாங்கிய கைதான் சூடம் காட்டி அடுப்பைப் பற்றவைக்கும். அதிலிருந்து இலை போடும் வரைக்கும் அடுப்பு அந்தக் கையின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். வீட்டுக்காரரே ஒரு கங்கு எடுக்க வந்தாலும் அந்தக் கையைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தட்டோடு நின்றுகொண்டிருக்கும்போதே பைக் வந்து நின்றது. ஜெயபாண்டி தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பைக்கை அணைக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நான் தட்டை அவரிடம் கொடுக்கப் போனேன். அதற்குள் வெள்ளைத்துரையின் மனைவி இருளாயி குறுக்கே வந்துவிட்டார். கொடுத்த வெற்றிலையைக் கைமாற்றினால் காரியம் விளங்காதாம். அவர்கள் பங்காளி வீட்டில் ஒருமுறை இப்படித்தான் ஒரு மாஸ்டரிடமிருந்து பிடுங்கி இன்னொரு மாஸ்டரிடம் கொடுத்தார்களாம். அன்றைக்கு மாலை போட்டு நின்ற கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, வாடிப்பட்டியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டது. கதவு மூடிவிட்டது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கியிருக்கிறது. பூ மார்க்கெட் பக்கம் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அது போனது நேர்த்திக்கடனில் சேருமா சேராதா என்று அந்தப் பங்காளிகள் இன்னும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்களாம்.

இதைக் கேட்டதும் வெள்ளைத்துரை, கட்டிப்போட்டிருந்த தன் கிடாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வாங்குனவரே இருக்கட்டும்" என்றார்.

ஜெயபாண்டி பைக்கை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். என் முன்னால் நின்று தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"அப்ப சொல்லுங்க மாஸ்டர். நான் என்ன செய்யணும்?"

அவர் என்னை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வழக்கமாக டா போட்டுத்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் என் அப்பன் பெயரையும் சேர்த்துக்கொள்வார். அவர் செட்டில் ஒருவரை நீங்கள் என்று கூப்பிட ஆரம்பித்தால், வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று அர்த்தம்.

சூடம் காட்டினேன். அடுப்பு முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு நடந்த சமையலை எந்த ஊரிலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஜெயபாண்டி வெங்காயத்தை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, "போடலாங்களா மாஸ்டர்?" என்று கேட்பார். நான் போடுங்கள் என்று சொல்லும்வரை எண்ணெய் புகைந்துகொண்டிருக்கும். இஞ்சி பூண்டு விழுதுக்குக் கேட்டார். மஞ்சள் தூளுக்குக் கேட்டார். தும்மல் வந்தபோது, தும்மிக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு, மாஸ்டர், மன்னிச்சுக்கங்க மாஸ்டர் என்று சொல்ல, யார் யாருக்கு மாஸ்டர் என்று சுற்றி நின்றவர்களுக்குத் தலை சுற்றியது.

"மாஸ்டர், அரிசி கழுவுன தண்ணிய எங்க ஊத்த?" என்று செல்லக்கிளியும் சேர்ந்துகொண்டாள்.

"நீயுமா ஆத்தா" என்றேன்.

"பின்ன என்னண்ணே. நானும் இந்தச் செட்டுல வந்த நாள்லருந்து பாக்குறேன். வெங்காயம் உரிக்கிறேன், தேங்கா அரைக்கிறேன், மாஸ்டர் வராத அன்னைக்கு ரசமே நாந்தான் வச்சேன். இன்னைக்கு வரைக்கும் என்னைய 'ஏம்மா'ன்னுதான் கூப்புடுறாக. நீங்க ஒரு தட்டை வாங்குனீக, மாஸ்டராயிட்டீக."

ஜெயபாண்டி கரண்டியைக் கொஞ்சம் பலமாகத் திருப்பினார்.

விசயம் தோப்பு முழுக்கப் பரவிவிட்டது. விசேசத்துக்கு வந்திருந்த மாஸ்டர்கள் ஒவ்வொருவராக அடுப்படிக்கு வர ஆரம்பித்தார்கள். எத்தனை மாஸ்டர்கள் இருந்தார்கள் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. சீர் கொண்டுவரும் தாய்மாமன் கூட்டத்துக்கு முன்னால் சிலம்பம் சுற்ற ஒரு மாஸ்டர். பேண்ட் செட்டுக்கு ஒரு மாஸ்டர். பிள்ளைகளுக்குப் பட்டுச் சட்டை தைத்துக் கொடுத்த டெய்லர் மாஸ்டர். தாய்மாமனுக்கு உறவில் பெரியப்பா முறையாகிற, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இவர்கள் போதாதென்று சிம்மக்கல்லிலிருந்து பாய்லரோடு வந்திருந்த டீ மாஸ்டர் அல் அமீன். எனக்கு அவரை மூட்டை தூக்கிய நாளிலிருந்து பழக்கம்.

வெற்றிலை வாங்கியதால் ஒருவன் மாஸ்டர் ஆக முடியாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அதற்குமேல் எதிலும் ஒத்துப்போகவில்லை. டெய்லர், துணியில் கத்தரி வைக்கிறவன்தான் மாஸ்டர், மிஷின் மிதிக்கிறவன் டெய்லர் என்றார். அப்படியென்றால் நீங்கள் வெட்டியதைத் தைப்பது யார் என்று கேட்டதற்கு, நான்தான் என்றார். பேண்ட் மாஸ்டர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஊதுகிறவன் யாரும் மாஸ்டர் கிடையாது, ஊதாமல் குச்சியை ஆட்டுகிறவன்தான் மாஸ்டர், ஆகவே வேலை செய்யாமல் நிற்பதுதான் முக்கியம், அந்த வகையில் மலைச்சாமி தேறிவிட்டார் என்றார். டிரில் மாஸ்டர், விசில் யார் கழுத்தில் தொங்குகிறதோ அவர் என்றார். அவர் கழுத்தில் அப்போதும் ஒரு விசில் தொங்கியது.

அல் அமீன் எனக்கு ஒரு டீயை நீட்டினார். வாங்கலாமா கூடாதா என்று இந்தத் தடவை யோசித்துவிட்டு வாங்கினேன்.

"டீக்கடையில மாஸ்டர்னா நிக்கிறவருண்ணே" என்றார் அவர். "உக்காந்துட்டா ஓனர். அம்புட்டுத்தேன். நீங்க விடியக்காலையில இருந்து நிக்கிறீங்க. மாஸ்டர்தான்."

அதைக் கேட்டதும் ஜெயபாண்டி ஒரு விறகுக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அந்தச் சொல் எந்த அர்த்தத்திலும் வேண்டாம். அது அவருக்கே திரும்பப் போய்ச் சேர வேண்டும், நான் அண்டாவுக்குத் திரும்பப் போக வேண்டும், அவ்வளவுதான். அவரிடம் மெதுவாகப் போய், சாயங்காலம் வண்டியில் எனக்கு இடம் உண்டா மாஸ்டர் என்று கேட்டேன்.

"வண்டியில யார் ஏறணும்னு மாஸ்டர்தான் சொல்லணும். என்னைய ஏன் கேக்குறீங்க" என்றார்.

கறி வெந்துகொண்டிருந்தது. இங்கே உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயபாண்டி செட்டில் உப்பை மாஸ்டர் தவிர யாரும் தொடக்கூடாது. ரெண்டு பேர் கை உப்பு போட்டால் ஒன்று மறந்துபோகும், அல்லது ரெண்டு தடவை விழும் என்பது அவர் கணக்கு. கறி வெந்தபிறகு அவரே மூட்டையை அவிழ்த்து, அவர் கையால்தான் அள்ளிப் போடுவார். மற்ற விசேசங்களில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இது சாமிக்குப் படைக்கிற சமையல். படைப்பதற்கு முன்னால் ஒருவரும் நாக்கில் வைக்கக் கூடாது.

உப்பு மூட்டை எனக்கும் அவருக்கும் நடுவில் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் கேட்பார், போடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவரோ, வெங்காயத்துக்குக் கேட்டவர், தும்மலுக்குக் கேட்டவர், உப்புக்குக் கேட்கவில்லை. உப்பை மாஸ்டர் கைதான் போட வேண்டும், அதைக் கேட்டுவிட்டு வேறொருவர் போட முடியாது என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். யாரோ அந்த மூட்டையை அவிழ்த்து மட்டும் வைத்தார்கள். செல்லக்கிளியாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் வந்தார். எல்லா மாஸ்டர்களையும் சாமிக்கு முன்னால் ஒன்றாக நிறுத்தி ஒரு படம் எடுக்கச் சொல்லி வெள்ளைத்துரை அனுப்பினாராம். ஜெயபாண்டியைக் கூப்பிட்டார்கள். நான் மாஸ்டர் இல்லை என்று சொல்லிவிட்டார். என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். சிலம்ப மாஸ்டர் கம்பை என் மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தார். பேண்ட் மாஸ்டர் குச்சியை உயர்த்தி நின்றார். என் கையில் எதுவும் இல்லை என்று யாரோ ஒரு கரண்டியைக் கொடுத்தார்கள். அதையும் இரண்டு கையால் வாங்கினேன்.

திரும்பி வந்து பார்த்தால் அண்டா அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. நேரமாகிவிட்டது என்று பூசாரி ஆள் விட்டு இறக்கச் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் பக்கம் போனபிறகு ஜெயபாண்டி உப்பைப் போட்டுவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மூட்டை அவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து, படம் எடுக்கப் போவதற்கு முன்னால் நான் போட்டுவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்டுக்கொள்வதற்கு எங்களுக்குள் அப்போது பேச்சு இல்லை.

சாமிக்குப் படைத்தார்கள். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பந்தியில் தாய்மாமன் வகையறா உட்கார்ந்தார்கள். கறிக்குழம்பு ஊற்றியதும் ஒரு பந்தியில் எழுகிற சத்தம் எனக்குத் தெரியும். அன்று அந்தச் சத்தம் எழவில்லை. பிசைந்தார்கள், வாயில் வைத்தார்கள், பக்கத்து இலையைப் பார்த்தார்கள். சாமி சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது என்பதால் யாரும் எதுவும் பேசவில்லை. ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சம் உப்பு என்றார். பிறகு அவருக்கு எதிரில் இருந்தவர். பிறகு வரிசை முழுக்க, திருடிக்கொண்டு போக வந்தவர்கள் மாதிரி, சத்தம் வெளியே வராமல் உப்புக் கேட்டார்கள். டிரில் மாஸ்டருக்குத்தான் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

"கொழம்புல உப்பே இல்லையேப்பா" என்றார். அது தோப்புக்கு வெளியே ரோடு வரைக்கும் கேட்டது.

வெள்ளைத்துரைக்கு முகம் கறுத்துவிட்டது. தம்பிக்குப் பெண் கொடுத்த வீட்டார் முன்னால் உப்பில்லாத சோறு போட்டால் அது தலைமுறைக்கும் நிற்கிற பேச்சு. நேராக மைக் செட்டுக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"மாஸ்டர் எங்க இருந்தாலும் ஒடனே சாமி முன்னால வரணும்."

பந்தி முடிந்ததும் வேலைக்காரர்களுக்குத் துண்டு போர்த்துவது அந்தப் பக்க வழக்கம். அதற்குத்தான் சீக்கிரமே கூப்பிடுகிறார்கள் என்று எல்லோருமே நினைத்துவிட்டார்கள். பேண்ட் மாஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். டெய்லர் தலையைச் சீவிக்கொண்டே வந்தார். சிலம்ப மாஸ்டர் கம்போடு வந்தார். அல் அமீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். டிரில் மாஸ்டர் பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு எழுந்து வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். கடைசியில் நானும், சந்தேகப்பட்டுக்கொண்டே ஜெயபாண்டியும் வந்தோம்.

வெள்ளைத்துரை வரிசையைப் பார்த்தார்.

"கறிக்கொழம்புல உப்பு இல்ல. உப்பு போடாத மாஸ்டர் யாரு?"

வரிசை கலைய ஆரம்பித்தது. டிரில் மாஸ்டர், நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லி இலைக்குத் திரும்பிப் போனார். டெய்லர், தன்னை ஊரில் சும்மா அப்படிக் கூப்பிடுகிறார்கள், மற்றபடி மிஷின் மிதிக்கிறவன்தான் என்றார். பேண்ட் மாஸ்டர் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சிலம்ப மாஸ்டர் போனதை நான் பார்க்கவில்லை, கம்பு மட்டும் தென்னை மரத்தில் சாய்ந்திருந்தது.

"டீயில உப்பு போடுறதில்லண்ணே" என்று சொல்லிவிட்டு அல் அமீனும் நகர்ந்தார்.

நாங்கள் இரண்டு பேர் மிச்சம்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். பழி என்மேல் விழுந்தால் ஜெயபாண்டி பெயர் கெடாது. பெயர் கெடாவிட்டால் கோபம் குறையும். கோபம் குறைந்தால் வண்டியில் ஏற்றிக்கொள்வார். ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"வெத்தல வாங்குனது நாந்தானுங்க. உப்பு போடாதது நாந்தான்."

வெள்ளைத்துரை வாயைத் திறப்பதற்குள் ஜெயபாண்டி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"அவன் கெடக்கான். உப்பு போடாதது நான்."

"இல்லைங்க, அடுப்பு என் கையில இருந்துச்சு."

"கொழம்பு என் கையில இருந்துச்சு."

"அவரு உக்காந்திருந்தாருங்க. நான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"டேய்" என்றார் ஜெயபாண்டி. "உப்பு போடாம இருக்க ஒனக்கு என்னடா தெரியும்? மறக்கணும்னாலும் போடத் தெரிஞ்சவன்தான்டா மறக்க முடியும். நீ இத்தன வருசமா உப்பு போடாமத்தான இருக்க, ஒருத்தனாவது கேட்டானா? நான் ஒருநா போடல, பாரு, மைக்குல கூப்புடுறாக. எம்புட்டுத் தைரியம் இருந்தா என் தப்ப ஒன் தப்புன்னு சொல்லுவ."

காலையிலிருந்து மாஸ்டர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசன், உப்பில்லாத குழம்புக்கு மாஸ்டராக முட்டிமோதிக்கொண்டு நின்றார். திட்டுவதற்காக மைக்கைப் பிடித்திருந்த வெள்ளைத்துரைக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஒருவரைத் திட்டினால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார் போலிருந்தது. மைக் அணைக்கப்படாமலே இருந்ததால் பந்தியில் எல்லோரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருளாயி வந்து அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"சாமியே பேசாமச் சாப்பிட்டுட்டுப் போயிருச்சு. ஒங்களுக்கென்ன நாக்கு அதவிட நீளமா?" என்று புருசனைக் கேட்டார். அதுவும் மைக்கில் போய்விட்டது. முதல் பந்தியில் அப்போதுதான் சிரிப்புச் சத்தம் எழுந்தது. தாய்மாமன் எழுந்து நின்று இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

ஜெயபாண்டி அதற்குள் அடுப்படிக்குப் போயிருந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்பைக் கரைத்து, வடிகட்டி, அண்டாவில் சுற்றி ஊற்றிக் கிளறினார். யாரையும் எதையும் கேட்கவில்லை. இரண்டாவது பந்தியில் எழ வேண்டிய சத்தம் எழுந்தது.

எல்லாம் முடிந்தபின் மாஸ்டருக்கு என்று ஒதுக்கிய துண்டோடு வெள்ளைத்துரை வந்தார். வெற்றிலை வாங்கியவருக்கா, குழம்பு வைத்தவருக்கா என்று அவருக்குக் குழப்பம். இனிமேல் யார் கையிலாவது எதையாவது கொடுக்கவே அவருக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, துண்டை அண்டாவுக்கே போர்த்திவிட்டுக் கும்பிட்டார். போட்டோக்காரர் அதையும் ஒரு படம் எடுத்தார்.

நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டியானையில் பாத்திரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. செல்லக்கிளி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஜெயபாண்டி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு என் பக்கம் வந்தார். வெற்றிலை போட்டு வாய் சிவந்திருந்தது. என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். நீங்கள் என்று ஆரம்பித்தால் நான் ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏற வேண்டும்.

"என்னடா மொறச்சுக்கிட்டு நிக்கிற" என்றார். "அண்டாவ உங்கப்பனா வந்து தேய்ப்பான்?"

அண்டாவிலிருந்து துண்டை எடுத்து மடித்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி வாயைத் துடைத்துக்கொண்டார். அண்டாவின் அடியில் குழம்பு நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு கை சாம்பலை அள்ளிப் போட்டு, தேங்காய் நாரை நனைத்துக்கொண்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டேன்.